நான்கு புனல்கள்

மனைவி உம்மல் குல்சும் இறந்து ஒன்றரை வருடமாகியிருந்தது. ஒரே மகள் யுஸ்ரா ஈரோட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கோட்டைமேட்டில், முன்னால் பட்டறையும் பின்னால் ஓர் அறையுமாக இருந்த வீட்டில் அப்துல் வஹீது மட்டும்தான். அலுமினியத் தகட்டை லேத்தில் சுழலவிட்டு, மர அச்சின்மேல் அழுத்திப் பாத்திர மூடிகள் செய்வது அவர் தொழில். வாங்க வருகிறவர்கள் வாசலோடு போய்விடுவார்கள். ஸலாமுக்குப் பதில் ஸலாம் சொன்னதைத் தவிர வேறு பேச்சே இல்லாத நாட்கள் அவருக்கு நிறைய இருந்தன.

தொண்ணூற்றாறாம் வருடம் ஆடியில் நரசிம்மலு வந்தார். சரவணம்பட்டியில் பந்தயக் கார்களுக்கு இன்ஜின் தயார் செய்பவர்.

"எஸ்டீம் கார் ஒண்ணுங்க பாய். எப்பவும் நாலு சிலிண்டருக்கும் ஒரே வழியாத்தான் காத்து போகும். நான் ஒவ்வொண்ணுக்கும் காத்தைத் திறந்து மூடற தட்டு, த்ராட்டில்ங்கறது, தனித்தனியா வெச்சிருக்கேன். அது வாயில மாட்டறதுக்குப் புனல் மாதிரி நாலு வேணும். ஒண்ணு கூடக்கொறைய இருந்தாலும் அந்த சிலிண்டர் மட்டும் வேற மாதிரி மூச்சு வாங்குமுங்க."

"ஓரத்தை வெளிப்பக்கமாச் சுருட்டோணுமுங்களா?"

"ஆமாங்க. காத்து வழுக்கிட்டு உள்ள போகோணும்."

முதல் புனலின் ஓரம் சுருட்டும்போதே கீறிப்போனது. தகட்டில் சோப்பைத் தேய்த்து, அது கறுக்கும்வரை சூடுகாட்டி ஆறவிட்டபின் அலுமினியம் சொன்னபடி வளைந்தது. வேலையைப் பார்க்க நரசிம்மலு தினமும் சாயங்காலம் வருவார். கவிழ்த்த டிரம்மில் உட்கார்ந்து, இன்ஜின் எப்படிக் காற்றுக்கு ஏங்கும் என்று சொல்லிக்கொண்டே டீ குடிப்பார். நாலு மணிக்கே வஹீதின் காது ஸ்கூட்டர் சத்தத்தைத் தேட ஆரம்பித்துவிடும்.

ஆறாம் நாள் மத்தியானம் நான்காவது புனல் முடிந்தது. நான்கையும் அளந்து பார்த்தார். முடியளவு வித்தியாசமில்லை. நாளையிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒன்றை எடுத்துப் போய் உள்ளறைப் பெட்டியில் வைத்தார்.

"ஒண்ணு விரிசல் விட்டுப்போச்சுங்க" என்றார் அன்றைக்கு. மறுநாளும் அதையே சொன்னார்.

மூன்றாம் நாள் நரசிம்மலு டீயைத் தொடவில்லை. "திங்கக்கெழமை வண்டி மெட்ராசுக்குப் போகோணும் பாய். இல்லீன்னா இந்த வருசப் பந்தயத்தை விட்டுப்போட வேண்டியதுதான்."

வஹீது உள்ளே போய்ப் புனலைக் கொண்டுவந்து நீட்டினார். "இது முந்தாநேத்தே ஆயிருச்சுங்க. பொய் சொல்லிப்போட்டேன்."

"எதுக்குங்க?"

"முடிஞ்சுதுன்னா நீங்க வரமாட்டீங்கல்ல."

நரசிம்மலு நான்கையும் பேப்பரில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கார் மூன்றாவதாக வந்ததை வஹீது டீக்கடைப் பேப்பரில் படித்தார். நாலைந்து வரிச் செய்திதான். இரண்டு தடவை படித்தார். நரசிம்மலு வரவில்லை. இரண்டு மாதம் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு வஹீது சரவணம்பட்டிக்கு பஸ் ஏறினார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு உபரியாக ஒரு புனல் செய்து கையில் வைத்திருந்தார்.

நரசிம்மலு கையைத் துடைத்துக்கொண்டே எதிரே வந்தார். "அன்னைக்கு எனக்குக் கோவமுங்க பாய்."

"இருக்கத்தானுங்க செய்யும்."

நரசிம்மலு காரின் முன்மூடியைத் திறந்து கேபிளை இழுத்துக் காட்டினார். நான்கு புனல்களுக்குள்ளும் நான்கு தட்டுகள் ஒரே நேரத்தில் திரும்பின. இன்ஜினைக் கிளப்பியதும் வஹீது ஒரு புனலின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனார். காற்று கையை இழுத்தது.

அதற்குள் வேறு வண்டியிலிருந்து யாரோ கூப்பிட, நரசிம்மலு போய்விட்டார். வஹீது அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் வேலையாக இருந்தார்கள். "வாரேனுங்க" என்று எழுந்து சொன்னது இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறும் போனார். கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை.