நாற்பத்தாறும் நாற்பத்தேழும்

திருகோணமலை நகரில் ஓர் அச்சகத்தில் புத்தகங்களைக் கணினியில் வடிவமைப்பது என் வேலை. கிண்ணியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கொட்டியாரக் குடாவின் மீன்களைப் பற்றி எழுதிய புத்தகம் அச்சுக்குப் போக இருந்தது. கடைசி முறை பார்க்க வந்தவர், கருவாட்டு அத்தியாயத்தில் நின்றுவிட்டார்.

அந்த அத்தியாயத்தில் இருந்ததெல்லாம் குச்சவெளியில் கருவாடு போடும் ஓர் அம்மா சொன்னவையாம். அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று அப்போதுதான் ஆசிரியருக்கு உறைத்தது. நன்றியுரையில் சேர்க்கலாம் என்றார் முதலாளி. இனிப் பக்கம் கூட்டினால் எண்களெல்லாம் குழம்பும் என்பது அவர் பயம். ஆசிரியர் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒரு பக்கம் கூட்ட ஏலாதோ?"

"ஏலும் சேர். ஆனா ஒண்டு காணாது. ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ."

அது தாராளம் அல்ல, கணக்கு. அடுத்த அத்தியாயத்தில் பெரிய படங்கள் எதிரெதிர் பக்கங்களில் விரிந்திருந்தன. ஒரு பக்கம் மட்டும் நுழைந்தால் இடது வலதாகி, படங்கள் இரண்டாகப் பிரிந்துவிடும். இரண்டென்றால் எதுவும் கலையாது. எண்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்துக்குப் பக்கம் கையால் எண் தட்டி, ஒரு பாடசாலை மலரில் முப்பத்தொன்றை இரண்டு தரம் போட்டவள் நான். அதற்குப் பிறகு எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தாய்ப்பக்கத்தில் எண்ணுக்கென்று ஒரே ஒரு குறியீடு வைப்பேன். மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

அவர் அங்கேயே கதிரையில் இருந்து எழுதினார். நாற்பத்தைந்தாம் பக்கத்துக்குப் பின் அந்த இரண்டு பக்கங்களைச் செருகினேன். பின்னால் இருந்த எண்கள் அத்தனையும் கண்முன்னே நகர்ந்தன. பொருளடக்கத்தையும் புதுப்பித்து, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் அந்த அம்மாவை ஆசிரியர் கூட்டிவந்தார். தன்னைப் பற்றிய இரண்டு பக்கங்களையும் அந்த அம்மா நிதானமாக வாசித்து முடித்து, தாளைத் திருப்பி, ஒரு மீன் படத்தில் விரலை வைத்தார்.

"இது சூடை இல்லை மகள், சாளை."

ஆசிரியர் கண்ணாடியைப் போட்டுக் குனிந்தார். ஓம், சாளைதான் என்றார். படத்தின் கீழிருந்த பெயரை அவர்கள் முன்னாலேயே மாற்றினேன். அன்று பின்னேரமே புத்தகம் அச்சுக்குப் போனது.