டெய்லர் அக்காவின் பசுவும் நூற்று அறுபது துடிப்பும்

கால்நடை மருத்துவமனை உதவியாளருக்கு ஊர் வைத்த பெயர் 'பாம்புக் காது'. நிறைமாதச் சினையாக நிற்கும் மாட்டின் அடிவயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் கன்றின் இதயத்துடிப்பை எண்ணிச் சொல்லிவிடுவார். ஸ்கேன் கருவி வந்து மூன்று வருடமாகிறது. "அது டாக்டரம்மாவுக்கு. எனக்குக் காது இருக்கு" என்று அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அவர் எண்ணும்போது யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது. ஒருமுறை பக்கத்து மாடு சாணம் போட்ட சத்தத்துக்குக் கோபித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். வீட்டிலும் இதே கூத்துதான். மனைவி ஏதாவது கேட்டால் கண்ணை மூடி, ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். அங்கே எதை எண்ணுகிறார் என்று அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

இப்படி மிதப்பாகத் திரிந்தவருக்குப் போன வருடம் விழுந்தது ஒரு குட்டு. டெய்லர் அக்காவின் பசுவைப் பார்த்துவிட்டு, "ஜம்முன்னு ஓடுது, கவலையே வேண்டாம்கா" என்று மார்தட்டிவிட்டு வந்தார். நான்காம் நாள் கன்று செத்துப் பிறந்தது. அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதன் பிறகு அவர் தெருவில் வந்தாலே தையல் மெஷின் பக்கம் குனிந்துகொண்டது அக்காவின் தலை. ஒரு வருடமாக ஒரு வார்த்தை கிடையாது.

அதே பசு மறுபடி சினை. கடைசி இரண்டு வாரம் தினமும் கன்றின் துடிப்பைப் பார்க்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. நூறிலிருந்து நூற்றிருபது வரை நல்லது. நூற்று நாற்பதைத் தாண்டி அங்கேயே நின்றால் கன்று உள்ளே தவிக்கிறது என்று அர்த்தம், உடனே வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டியிருக்கும். இந்த வேலைக்கு அவரைத்தான் அனுப்பினார்கள்.

அக்கா வாயைத் திறக்காமல் கொட்டகைக் கதவை மட்டும் திறந்துவிட்டார். பாம்புக் காது குனிந்து, பசுவின் வலது விலாவில் தலையை அழுத்திக்கொண்டு எண்ணினார். நூற்று முப்பது. இது என்னடா வம்பு என்று மறுபடி எண்ணினார். நூற்று நாற்பத்தைந்து. மூன்றாவது முறை நூற்று அறுபது. போனை எடுத்தார்.

"டாக்டரம்மா, கத்தியோட ஓடி வாங்க!"

அக்கா அப்படியே தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கொட்டகையிலேயே நிதானமாக இருந்த ஒரே ஜீவன் பசுதான். அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா அலறியடித்துக்கொண்டு வந்து ஸ்கேன் கருவியை வைத்தார். திரையில் குட்டி இதயம் சமர்த்தாகத் துடித்தது. நூற்றுப் பன்னிரண்டு. போதாக்குறைக்குக் கன்று உள்ளிருந்து ஓர் உதை வேறு விட்டது.

"நல்லாத்தானே இருக்கு? எங்கே, நீங்க இன்னொரு தடவை கேளுங்க."

கேட்டார். "ஐயோ, நூத்தி அறுபத்தெட்டு!"

டாக்டரம்மா அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பின் நுனியை மாட்டிலிருந்து எடுத்து, சும்மா காற்றில் பிடித்தார்.

"இப்போ?"

"இப்பவும் அதேதான் கேக்குது டாக்டரம்மா!"

டாக்டரம்மா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கன்னு நல்லா இருக்கு. நூத்தி அறுபத்தெட்டு உங்களோடது. முதல்ல உக்காருங்க."

இத்தனை நேரமும் மனுஷன் காதுக்குள் கேட்டது அவருடைய சொந்த நெஞ்சுதான்! முகத்தில் அசடு வழிய, அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பிறகு இதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் அங்கே யாரும் சிரிக்கவில்லை.

"போன தடவையும் கவனமாத்தான்கா எண்ணினேன்" என்றார், தரையைப் பார்த்து. "அதுக்கப்புறம் எந்த மாட்டுக்கிட்ட போனாலும் பயம். இங்க வர்றதுக்கு ரெண்டு தெரு தள்ளியே கால் பின்னிக்குது."

அக்கா எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"கன்னு எனக்கு. நெஞ்சு உங்களுக்கா அடிக்குது?"

ஒரு வருடத்துக்கு அப்புறம் அக்கா பேசிய முதல் பேச்சு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீரில் பாதி சட்டையில் போயிற்று.

"டாக்டரம்மா, நாளைக்கும் இவரையே அனுப்புங்க" என்றார் அக்கா. "இவ்வளவு பயப்படுறவர் பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."