நாற்பத்தேழு கேள்விகள் கேட்டுவிட்டு ஓடியவன்

நாற்பத்தேழு கேள்விகள். கோடு போட்ட நோட்டில், வரிசை எண் போட்டு எழுதியிருந்தேன். பொண்ணு பார்க்கப் போனபோதுகூட நான் இத்தனை கேட்கவில்லை. அங்கே காபி ஆறிவிடும் என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். இந்த நாற்பத்தேழும் ஒரு ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருக்காக.

கார் எங்கள் காலை ரயிலில் கூட வருகிற ஒருவருடையது. என்னைவிடப் பத்து வயது இளையவர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். பெங்களூரில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் டிங்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாரிகுப்பத்தில் தன் வீட்டையொட்டிய தகரக் கொட்டகையில் ஊர்க்காரர்களின் வண்டிகளுக்கு வேலை பார்ப்பார். யாரோ பணக்காரர் மோதி நசுக்கி, இனி வேண்டாம் என்று தள்ளிய காரை வாங்கி வந்து, நான்கு வருடம் தட்டித் தட்டி எழுப்பி நிறுத்தியிருந்தார். கரும்பச்சை நிறம். தரையிலிருந்து என் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. பார்த்ததும் எனக்கு வழுக்கையில் முடி முளைத்த மாதிரி இருந்தது.

விற்கக் காரணம், ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அவருடைய இடது கால் உடைந்ததுதான். உள்ளே பிளேட் வைத்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டு. ஒரு வருடத்துக்கு கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “சும்மா நிறுத்தி வெச்சா எலி ஒயர கட்ச்சிரும்ணா. ஓட்றவங்க கைக்குப் போனா வண்டி உசுரோட இருக்கும்” என்றார்.

எனக்கு ஆசை ஒரு பக்கம், பயம் நாலு பக்கம். மூன்று மாதம் போனில் ஸ்போர்ட்ஸ் கார்களின் வியாதிகளை மட்டும் படித்தேன். கூலன்ட் ஒழுகும், சூடேறும், பானெட்டிலிருந்து புகை வரும், அப்புறம் தீ. எங்கோ அமெரிக்காவில் எவனோ பற்றவைத்த நெருப்பில் நான் எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸில் உட்கார்ந்து வியர்த்தேன். என் அப்பா முப்பது வருடம் இங்கே தங்கச் சுரங்கத்தில், கேஜ் என்கிற கூண்டில் ஏறி ஷாஃப்ட்டுக்குள் இறங்கினார். ஒரு கம்பிக் கயிறு, கீழே மைல் கணக்கில் இருட்டு. கயிறு நல்ல கயிறா என்று அவர் ஒரு நாளும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் மகன், விழுந்தாலும் முட்டிகூடச் சிராய்க்காத உயரத்தில் ஓடுகிற காருக்கு நோட்டுப் போட்டுக் கேள்வி எழுதினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு போனேன். தம்பி கொட்டகையில் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை டயர் மேல் நீட்டிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். டைமிங் செயின் மாத்தியாச்சு. ரேடியேட்டர் புதுசு. ஸ்பேர் பார்ட்ஸ் பெங்களூரிலேயே கிடைக்கும். முப்பதாவது கேள்வி வாக்கில் அவர் மனைவி எட்டிப் பார்த்து, “அண்ணா இன்னா, போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து வந்துகீறாரா?” என்று கேட்டார்.

கடைசிக் கேள்வி, “நடு வழியில கைவிட்டுடுமா?” என்பது.

“ஓட்டிப் பாருங்கண்ணா. நானும் கூட வரேன்” என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் அவரைத் தூக்கி இடது சீட்டில் இறக்கினார்கள். அது சீட்டே இல்லை, தொட்டி. நல்ல கால் உள்ளவனே எழுந்திருக்க ஏதாவது ஒன்றைப் பிடித்தாக வேண்டும். கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டிவிட்டால், வெளியிலிருந்து யாராவது இழுக்காமல் அவரால் வரவே முடியாது. இதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பின்னால் சொல்லித் தப்பிக்க முடியாத அளவுக்குப் பார்த்தேன்.

முதல் இரண்டு கிலோமீட்டர் நான் ராஜா. முந்தின நாள் நல்ல மழை. சுரங்கக் கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைட் மேட்டை ஒட்டிய இறக்கத்தில் ரோட்டை அடைத்துக்கொண்டு குட்டை நின்றது. “மெதுவாண்ணா” என்றார் தம்பி. ராஜாவுக்குக் காது கேட்கவில்லை. விட்டேன். தண்ணீர் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி எழுந்தது. மறுநொடி பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புஸ்ஸென்று கிளம்பியது.

மூன்று மாதப் படிப்பும் ஒரே நேரத்தில் என் காலுக்கு இறங்கிவிட்டது. பிரேக்கை மிதித்தது நினைவிருக்கிறது. கியரை நியூட்ரலில் தள்ளியதும் நினைவிருக்கிறது. கதவைத் திறந்ததும் ஓடியதும் நான் செய்ததாகத் தெரியவில்லை, ஆனால் ஓடியது என் கால்கள்தான். சயனைட் மேட்டில் ஏறினேன். மழையில் ஊறிய அந்தச் சாம்பல் மண் முழங்கால் வரைக்கும் வாங்கிக்கொண்டது. ஒரு முள் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். வெடிக்கும் என்று.

வெடிக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். ஓட்டுநர் இல்லாத கார், கதவு திறந்தபடி, இறக்கத்தில் தானாக உருண்டுகொண்டிருந்தது. உள்ளே அந்த மனிதர் கட்டுக் காலோடு சாய்ந்து, இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. கார் குலுங்கி நின்றது. புகையும் நின்றுவிட்டது.

நான் இறங்கி வந்தேன். இறங்கி வர எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல விருப்பமில்லை.

“தண்ணிணா” என்றார் அவர். முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் எப்போதும் போல. “சூடான ரேடியேட்டர் மேல குட்டத் தண்ணி அடிச்சிது. ஆவிதான். ஒண்ணியும் இல்ல. வாங்க, ஏறுங்க, வீட்டுக்குப் போலாம்.”

திரும்பும் வழி முழுக்க மெதுவாகவே ஓட்டினேன். எனக்கு நாற்பத்தெட்டாவது கேள்வி எதுவும் தோன்றவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் இது ஒரு கோழையின் கதை. நான் அடுத்த நாள் அதைவிடக் கீழே ஒரு லெவல் இறங்கினேன்.

எங்கள் ரயில் பெட்டியில் நான்தான் கோமாளி. சாம்பியன் ரீப்ஸில் ஏறினால் பங்காருப்பேட்டை வரைக்கும் என் வாய் மூடாது. சீட்டாடுகிறவர்கள்கூட என் ஜோக்குக்காகச் சீட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். திங்கட்கிழமை ஏறியதும் ஒருவர் கேட்டார்: “இன்னாபா, ராக்கெட்டு வாங்கிட்டியா?”

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது, அவர்களுடைய சிரிப்பு, என்னைப் பார்த்துச் சிரிக்கப் போகிற சிரிப்பு. மற்றவர்களை வைத்து இருபது வருடம் சிரிப்புக் காட்டியவனுக்கு அது தாங்கவில்லை. “எங்க வாங்கறது? பானெட்லேர்ந்து பொகைபா! அந்தத் தம்பி கட்டுக் காலோட உள்ள மாட்டிக்கினாரு. ரெண்டு கையால அள்ளி வெளிய போட்டேன்” என்றேன்.

எனக்கு ஜன்னலோர சீட்டு கிடைத்தது. ஒருவர் தன் பொங்கலில் பாதியைக் கொடுத்தார். பக்கத்து மைசூர் மைன்ஸிலிருந்து வருபவர், பெங்களூரில் ஒரு கம்பெனி கேன்டீன் நடத்துகிறவர், மட்டும் முகத்தைச் சுருக்கினார். நான் வேண்டாம் என்றால் அந்தக் காரை அவர் எடுப்பதாக இருந்தார். “நல்லதாப் போச்சு, தப்பிச்சேன்” என்றார். அவருடைய பெருமூச்சு எனக்குக் கேட்டது. வாயில் இருந்த பொங்கலை மென்றேன்.

தம்பி கால் ஆறும்வரை வேலைக்கு வரவில்லை. என் கதை மட்டும் தினமும் வந்து போனது. பெட்டி மாறியது, ஊருக்குள் இறங்கியது. ஒரு மாதம் கழித்து என் மனைவி மார்க்கெட்டில் தம்பியின் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“அவங்க ஷெட்டு காலியா கீதாம். யாரும் வண்டி உடறதில்லயாம். தீப்புடிக்கற வண்டி செய்றவருன்னு ஊர்ல பேசிக்கிறாங்களாம்.” பையிலிருந்து கத்தரிக்காயை எடுத்து வைத்தபடியே கேட்டாள், “ஆமா, அவர நீங்கதான தூக்கிக் காப்பாத்துனீங்க?”

“ம்.”

“தூக்கறவன் காருகிட்டத்தான நிப்பான்? உங்க பேண்ட்ல முட்டி வரைக்கும் சயனைட் மண்ணு. மூணு தண்ணி போட்டும் போவல. அங்க மேல இன்னா வேல உங்களுக்கு?”

நான் கத்தரிக்காயைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போதும் நான் போய்ச் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இன்னும் இரண்டு வாரம். கடைசியில் அவரே வந்தார். ஒரு நாள் மாரிகுப்பத்திலேயே ஏறி, ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு எங்கள் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். நான் ஏறியதும் ஒரே ஆரவாரம்.

“தோ, உன்னத் தூக்குன மகராசன் வந்துட்டான்! காலத் தொட்டுக் கும்புடுபா!”

தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தார். முழுக் கதையும் அவர் காதுக்கு அந்த நிமிடத்துக்கு முன்னால்தான் வந்திருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது. தன் கொட்டகையைக் காலியாக்கிய பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று அவர் அங்கேயே, என் முகத்தைப் பார்த்தபடியே புரிந்துகொண்டார். ஒரே வார்த்தையில் என்னைக் கிழித்திருக்கலாம். “உக்காருங்கண்ணா” என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நான் தூக்கல. குதிச்சி ஓடிட்டேன்” என்றேன்.

பெட்டி அதிர்ந்தது. மேட்டில் ஏறியதையும், கால் புதைந்ததையும், காதைப் பொத்தியதையும் சொன்னேன். இருபது வருடத்தில் எனக்கு இப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை. சீட்டாடுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேன்டீன்காரர் என் முதுகில் தட்டி, “பிடு குரு, சாக்கு! போதும் வுடுபா, உன் ஜோக்குக்கு அளவே இல்லியா?” என்றார். யாரும் நம்பவில்லை. பாழாய்ப்போன என் வாய், அவ்வளவு நன்றாகச் சொல்லியிருந்தது.

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. “ஜோக்கு இல்ல” என்றார் அவர்களிடம். பிறகு என்னிடம், மெதுவாக, “ஹேண்ட்பிரேக் வுட்டுட்டீங்களே. அதையும் சொல்லுங்க” என்றார்.

அதைத்தான் விட்டிருந்தேன். அதில் சிரிக்க எதுவும் இல்லை. சொன்னேன். கார் உருண்டது. இவர் உள்ளே. எழுந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மேட்டிலிருந்து பார்த்தேன். இறங்கி ஓடி வரவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். அது தீ இல்லை, குட்டைத் தண்ணீர். வண்டியில் ஒரு குறையும் இல்லை. புகை என்று ஊரெல்லாம் பரப்பியது நான்.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். பொங்கல் கொடுத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பங்காருப்பேட்டை வரும்வரை யாரும் சீட்டைக் கையில் எடுக்கவில்லை.

கேன்டீன்காரர்தான் கடைசியில் பேசினார், தம்பியிடம், என்னைப் பார்க்காமல். “வண்டி இன்னும் கீதா?”

“கீது. ஞாயித்துக்கிழம உங்க வீட்டுக்கே எடுத்தாரேன், பாருங்க.”

“எப்டி? உன்னாலதான் ஓட்ட முடியாதே.”

தம்பி என் பக்கம் திரும்பினார். “அண்ணன் ஓட்டுவாரு. பொகைன்னு ஊருக்குச் சொன்னவரு, பொகை இல்லன்னும் ஊரு பாக்க ஓட்டட்டும்.” கோபமாகச் சொல்லவில்லை. அதனால் மறுக்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். நோட்டு எடுத்துப் போகவில்லை. தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். விஷயம் என் பொய்யைவிட வேகமாகப் போயிருந்தது. மாவுக்கட்டு பிரித்திருந்தார்கள், ஆனால் அவருடைய முட்டி இன்னும் சரியாக மடங்கவில்லை. தொட்டி சீட்டில் அவரை இறக்கிவிட்டு, நான் சுற்றி வந்து வலது கதவைத் திறந்தேன்.

“இருங்கண்ணா” என்றார். “ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி என்னத் தூக்கி வெளிய வைங்க. பாக்கலாம்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. திரும்பிப் போய்க் குனிந்து, அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். பாதியில் கை நழுவி அவர் மறுபடி உள்ளே சரிந்தார். வாசலில் ஒரு குழந்தை சிரித்தது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். இரண்டாவது முறை வெளியே கொண்டுவந்துவிட்டேன், ஆனால் காலைக் கதவில் இடித்துவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு, “மறுபடியும்” என்றார். மறுபடி உட்கார வைத்தேன். மூன்றாவது முறை ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையைத் தொடைக்கும் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கி, இடிக்காமல் வெளியே நிறுத்தினேன். எனக்கு மூச்சு வாங்கியது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்.

“என்னத் தூக்க எவ்ளோ நேரம் ஆச்சி?” என்று வாசலில் நின்ற தன் மனைவியைக் கேட்டார்.

“பரவால்ல. பொழைச்சிக்குவ” என்றார் மனைவி.

“செரி, உக்கார வைங்கண்ணா. போலாம்.”