மார்ச் மாதத்துப் பனி

நான் தி.நகர் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் சூப்பர்வைசர் குடியிருப்பது எங்கள் வீட்டு மாடியில்தான். வடதுருவக் கடலின் பனிப்பரப்பை மாதாமாதம் இணையத்தில் பார்த்து, என் மகள் கோடாக வரைந்து மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருந்தாள். அங்கே கோடை முடியும் செப்டம்பரில் தாழ்ந்த கோடு, குளிர்காலம் முடியும் மார்ச்சில் ஏறியிருந்தது.

சூப்பர்வைசர் அதைப் பார்த்துச் சிரித்தார். “இன்னா கண்ணு, கொறஞ்ச ஐஸு திரும்ப ஏறிக்கினு கீது? உருகுதுன்னு சும்மா பீலா வுட்றாங்க.”

மகள் முகம் சுண்டிப்போய்த் தாளைக் கிழிக்கப் போனாள்.

இதைப் படிக்கும் பிள்ளைகளே, மந்தமான ஆனி மாத விற்பனையைத் தீபாவளி விற்பனையோடு ஒப்பிட்டால் கடையில் எங்களைத் திட்டித் தீர்ப்பவர் இவர். இந்தத் தீபாவளியைப் போன தீபாவளியோடுதான் ஒப்பிட வேண்டுமாம்.

“சார், தீபாவளிக் கூட்டத்தைக் காட்டி வியாபாரம் ஏறிடுச்சுன்னு முதலாளிகிட்ட சொல்வீங்களா?” என்றேன்.

“அது வேற, இது வேறப்பா” என்று மேலே போய்விட்டார்.

தெரியாமல் பேசியிருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைக் கேலி செய்தவருக்கு என்ன மரியாதை?

மகள் தாளைக் கிழிக்கவில்லை. பழைய செப்டம்பர்களை மட்டும் தேடிப் பக்கத்தில் இன்னொரு கோடு வரைந்தாள். இடையிடையே ஏறினாலும் அது கீழேதான் போகிறது. அவர் இப்போது சுவர்ப்பக்கம் திரும்பாமல் படியேறுகிறார்.