நாலு பேர் படுக்கும் ஜீப்

எதிர்வீட்டுப் பையன் காட்டுப் பாதையில் ஓட்டுகிற மாதிரி ஒரு பெரிய வண்டி வாங்கியிருக்கிறான். கூரைமேல் ஒரு கூடாரம். பொத்தானை அழுத்தினால் தானாக விரிந்துகொள்ளுமாம். போன ஞாயிறு காலையில் வண்டியைக் கழுவிவிட்டு, கூடாரத்தை விரித்து வெயிலில் காயவைத்திருந்தான். சேறே பார்க்காத டயருக்கு மினுமினுப்பு மருந்து வேறு. துணி உலர்த்த வெளியே வந்த நான், அந்தக் கூடாரத்து மெத்தையிலிருந்து வந்த புது ஸ்பாஞ்சு வாசனையில் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். "ஆன்ட்டி, ஓகேவா?" என்றான். முழங்கால் வலியில் நிற்கிறேன் என்று நினைத்திருப்பான். அந்த வலியும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஸ்பாஞ்சு வாசனை வந்தால் எனக்குத் தூக்கம் ஞாபகம் வரும். தூக்கம் ஞாபகம் வந்தால் எங்கள் பழைய ஜீப்பும் கூடவே வந்துவிடும்.

ஜீப்புக்கு முன்னால் எங்கள் மெத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது சிங்கப்பூருக்கு இக்கரையில், மாசாயில் அடுக்குமாடியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்ட முடியும். எனக்குப் பாசிர் கூடாங்கில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை, பெரும்பாலும் இரவு ஷிப்ட். அவர் எழுந்துபோன குழியில் நான் வந்து விழுவேன். நான் எழுந்து உலை வைத்ததும் பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் அதே இடத்தில் புரளுவார்கள். பிறகு மறுபடியும் அவர். அந்த மெத்தை ஆறி நான் பார்த்ததே இல்லை. அவருக்கு ஞாயிறு லீவு என்றால் எனக்கு ஓவர்டைம் இருக்கும். ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தோம், நாலு பேரும் ஒரே நேரத்தில் தூங்கியதே கிடையாது.

ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"ஒரு பழைய ஜீப்பு வாங்கறேன். பின்னாடி படுக்கை அடிக்கறேன். நாலு பேரும் கடலோரமா போயி ஒண்ணா படுத்துத் தூங்கறோம்."

"தூங்கறதுக்கு எதுக்குங்க ஜீப்பு? இங்கயே கதவச் சாத்திட்டுப் படுக்கலாமே?"

"இங்க படுத்தா ஓவர்டைமுக்குக் கூப்பிடுவானுங்க லா. காட்டுக்குள்ள போன் கிடைக்காது."

கிண்டலாக ஏதோ சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஆனால் அன்றைக்குத் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துக்கொண்டே நாலு பேரும் வரிசையாகப் படுத்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். ஆசை எனக்கும் ஒட்டிக்கொண்டது.

வந்த ஜீப்பைப் பார்த்தபோது ஆசை கொஞ்சம் தெளிந்தது. செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்ப் பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. உள்ளே உட்கார்ந்தால் காலடியில் ரோடு தெரியும். ஞாயிறுதோறும் மாடிக்குக் கீழே அதைக் கட்டிக்கொண்டு அழுதார். தளத்துக்குப் புதுத் தகடு வைத்தார். உருவத்துக்குப் பொருந்தாத பெரிய டயர்களை மாட்டினார். ஆற்றில் இறங்கினால் என்ஜின் மூச்சு வாங்க வேண்டுமே என்று ஒரு குழாயைக் கூரைவரைக்கும் ஏற்றினார். எந்த ஆறு, யார் இறங்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். "அண்ணே, கப்பல எப்ப தண்ணில விடப் போறீங்க?" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வெல்டிங் வைப்பார்.

படுக்கைக்குப் பலகை மூவாரிலிருந்து வந்தது. அங்கே நாற்காலி மேசை செய்கிற ஒரு பட்டறையில் மிச்சம் விழுந்த ரப்பர் மரப் பலகைகள். அம்மா காலமெல்லாம் பால் வெட்டிய மரத்தின்மேல் நான் காலை நீட்டிப் படுக்கப் போகிறேன் என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். பலகைகளை நடைபாதையில் பரப்பி எங்கள் மூவரையும் படுக்கவைத்துத் தானும் படுத்து, பென்சிலால் கோடு போட்டார். ஓரத்தில் அவர், பக்கத்தில் நான், அப்புறம் மகள் கவிதா, மறு ஓரத்தில் மகன் தினேஷ். எனக்குக் கிடைத்த இடத்தில் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். நீளமும் அன்றைக்கு யார் எவ்வளவோ அவ்வளவுதான். வளருவதற்கென்று ஓர் அங்குலம் விட வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அளந்தபோது தினேஷ் தொடக்கப் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். ஸ்பாஞ்சு போட்டு, உறை தைத்து, வண்டி முடிந்தபோது இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்று, பதினைந்து வயது. ஒரு சாமானுக்குக் காத்திருப்பது, ஒரு மாதம் இடுப்பு வலி, ஒரு மாதம் அவருக்கே ஞாயிற்றுக்கிழமை வேலை என்று வருடங்கள் போயிருந்தன.

அப்புறம் லீவு. இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கிற ஒரே காலம் சீனப் பெருநாள், சீனர்களின் புத்தாண்டு. என் தொழிற்சாலையும் மூடும், அவர் பட்டறையும் மூடும். கோயிலில் சூடம் காட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பெருநாளன்று காலை கிளம்பினோம். சோறு, மத்தி மீன் சம்பல், மைலோ டின் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கோத்தா திங்கி தாண்டியதும் நல்ல தார் ரோடு கடலுக்குப் போகிறது. அதில் போனால் பெரிய டயருக்கு என்ன மரியாதை? செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் திருப்பினார். பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பாதி வழியில் முன்னால் ஏதோ படாரென்று அறுந்தது. கொஞ்ச தூரத்தில் ஆவி கிளம்பியது. "அலமாக், பெல்ட்டு!" என்று இறங்கினார். என்ஜினைக் குளிரவைக்கிற காற்றாடியைச் சுற்றும் ரப்பர் பெல்ட். கோடாரி இருந்தது, கயிறு இருந்தது, டயர்கூட இரண்டு உபரியாக இருந்தது. அந்த ஒரு பெல்ட் மட்டும் இல்லை.

அவரும் தினேஷும் பக்கத்துச் சின்ன டவுனுக்கு நடந்து போனார்கள். கடை வீதி முழுக்கப் பட்டாசுக் காகிதம், எல்லாக் கதவிலும் சிவப்புத் துணி, ஒரு வொர்க்‌ஷாப்கூடத் திறந்திருக்கவில்லை. ஒரே ஒரு மெக்கானிக் வீட்டில் கதவைத் தட்டி, பெல்ட் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். சீனப் பெருநாளால்தான் எங்களுக்கு லீவு. அந்த லீவில், சீனப் பெருநாளன்று, சீனர் வொர்க்‌ஷாப்பைத் தேடினோம். வருடக்கணக்காகப் போட்ட திட்டத்தில் இது ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

திரும்பி வந்தவர் பம்பர்மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கடலக் காட்டறேன்னு கூட்டியாந்து காட்டுல உக்கார வச்சிட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. "கடல் எங்கயும் ஓடிடாதுங்க. ஏறிப் படுங்க" என்றேன்.

இருட்டியதும் மழையும் பிடித்துக்கொண்டது. சம்பலைச் சாப்பிட்டுவிட்டு ஏறிப் படுத்தோம். தினேஷின் கால்கள் பின்கதவுக்கு வெளியே போய்விட்டன. அவற்றை அவருடைய மோட்டார் சைக்கிள் மழைக்கோட்டால் சுற்றிக் கட்டினோம். அவர் முழங்கை என் விலாவில் இடித்தது. "அப்பா, உங்க சாக்ஸு நாறுது" என்று கவிதா முனகியது காதில் விழுந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

நான்தான் முதலில் விழித்தேன். செம்பனை ஓலைக்கு மேலே வெயில் நன்றாக ஏறியிருந்தது. பழக்கத்தில் திடுக்கிட்டுக் கடிகாரத்தைத் தேடினேன். பிறகுதான் மூன்று பேரின் மூச்சும் கேட்டது. அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். பகல் வெளிச்சத்தில் அவர் தூங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. நெற்றியில் வெல்டிங் பொறி பட்ட சின்னத் தழும்புகளெல்லாம் தெரிந்தன. நான் அசைந்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள், அவ்வளவுதான் இடம். கை மரத்துப்போயும் அப்படியே கிடந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அவர்களை எழுப்பியது ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். தட்டிவிட்டு வந்த வீட்டுக்காரர், வயதான மெக்கானிக், புதுச் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு தோளில் ஒரு பெல்ட்டோடு வந்திருந்தார். பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். பெல்ட்டைத் தருவேன், ஆனால் ஸ்பானரைத் தொட மாட்டேன் என்றார் மலாயில். பெருநாளில் வேலை செய்தால் வருடம் முழுக்க உழைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானாம். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ஸ்பானரை எடுத்தார்.

"பரவால்ல பாஸ், நாங்க வருஷம் பூரா அப்படித்தான்."

மாட்டி முடித்தபோது, கடலுக்குப் போனால் மறுநாள் வேலைக்குத் திரும்ப முடியாது என்று தெரிந்துவிட்டது. வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினோம். அடுத்த வருஷம் என்றார். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. பொந்தியானில் அன்னாசித் தோட்டக்காரர் ஒருவர் ஜீப்பைக் கேட்டபோது, படுக்கையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு கொடுத்துவிட்டார்.

தினேஷ் இப்போது சிங்கப்பூரிலேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். பாலத்தில் தினமும் நிற்க அவனால் முடியவில்லை. கவிதா கோலாலம்பூரில் நர்ஸ். போன தீபாவளிக்கு அவள் வந்து இறங்கியபோது இவன் திரும்பிப் போகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான், வாசலில் பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டேன் என்று ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலுக்குப் போகிறார். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து தூங்கியது அந்தத் தோட்டத்தில்தான், அந்த ஒரு தடவைதான்.

அந்தப் படுக்கைப் பலகை இப்போது எங்கள் வீட்டு முன்னால், செருப்பு அடுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஸ்பாஞ்சு எப்போதோ பொடிந்துபோனது, அதற்குப் பதில் ஒரு பாய் விரித்திருக்கிறோம். போன ஞாயிறு எதிர்வீட்டுப் பையன் கூடாரத்தை மடக்கி முடிக்கும்வரை அதில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இவர் வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். பாயை விலக்கினால் பென்சில் கோடுகள் இன்னும் தெரிகின்றன. மெதுவாகக் காலை நீட்டி, மல்லாந்தே படுத்துப் பார்த்தேன். எனக்கு இப்போது ஷிப்ட் இல்லை, கூப்பிட ஆள் இல்லை. வெயில் காலுக்கு வரும்வரை கிடந்தேன், தூக்கம் வரவில்லை.