சின்னவரின் கத்தரிக்கோல்

பெரியவரின் தலைச்சுழி வலமாகச் சுற்றும், சின்னவருடையது இடமாக. அண்ணனைக் குளிப்பாட்டும்போதும், தம்பி குனிந்து வாளியைத் தூக்கும்போதும் பார்த்திருக்கிறேன். ஒரே கருவில் வந்த இரட்டையர்கள். கரு பிரிய ஒரு வாரத்துக்கு மேல் தாமதமானால் சில பிள்ளைகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறிப் பிறக்கலாம் என்று நர்ஸ் பயிற்சியில் சொன்னார்கள். மரபணு ஒன்றுதான், பக்கம்தான் வேறு.

இருவரும் தையற்காரர்கள், பெரியவர் தம்பிக்கு ஏழு நிமிடம் மூத்தவர். ஐம்பது வருடம் ஒரே மேசையில் இருவரும் தோளோடு தோள் நின்று துணி வெட்டினார்கள். அண்ணன் வலக்கை, தம்பி இடக்கை. முழங்கை ஒருநாளும் இடித்ததில்லையாம். பெரியவரின் மனைவி இறந்தபிறகு இருவருக்கும் சமையலும் ஒன்றாகிவிட்டது.

பக்கவாதம் பெரியவரின் வலக்கையை எடுத்துக்கொண்டது. மறுபடி துணி வெட்ட முடிந்தால்தான் கீழே கடைக்கு இறங்குவேன் என்றார். இடக்கையைப் பழக்க என்னை வைத்தார்கள். இரண்டாவது வாரம் கரண்டி பிடித்தார், நாலாவது வாரம் பொத்தான் போட்டார். கத்தரிக்கோல் மட்டும் மசியவில்லை. மூன்று வாரம் தினமும் காலையில் துணி வெட்டுப்படாமல் அலகுகளுக்கு நடுவே மடிந்துகொண்டது. கடைசியில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"இந்தக் கையும் போச்சு நர்சம்மா. மேசையில என் பாதிய யாருக்காவது குடுத்துரச் சொல்லுங்க."

தம்பிக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார். எனக்கும் முட்டிவலி, அலுப்பு. குறிப்பேட்டில் முன்னேற்றம் இல்லை என்று எழுதப்போனேன். அதற்குமுன் அதே கத்தரிக்கோலை என் இடக்கையில் பிடித்துப் பார்த்தேன். எனக்கும் துணி மடிந்தது. என் கைக்கு ஒரு நோயும் இல்லை; கத்தரிக்கோல்தான் வலக்கைக்குச் செய்தது.

சின்னவரிடம் போனேன். இடக்கைக்கென்று அலகு மாற்றிச் செய்த கத்தரிக்கோல் அவரிடம் ஒன்று உண்டு. யாரையும் தொட விடமாட்டார், கைமாறினால் அலகின் கூர் கெட்டுவிடுமாம்.

"அவருக்கு இதுதான் வேணும்னு முதல் நாளே தெரியுமா?"

"தெரியும். அவரு கேக்கலையே."

பெரியவரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியுமாம். "ஐம்பது வருஷமா தொடாதேன்னவன்கிட்ட நான் போயி நிக்கணுமா? அவனா தரட்டும்."

மூன்று வாரமாக முட்டாளாக இருந்தது நான் ஒருத்திதான். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன்.

"மழுங்கினா மழுங்கட்டும், எடு," என்று தன் கத்தரிக்கோலை நீட்டினார் தம்பி.

பெரியவர் அரை முழம் வெட்டினார், கோணலாக. வெட்டிவிட்டு அப்படியே தூங்கிப்போனார்.

இப்போது தினமும் கடைக்கு இறங்குகிறார். ஒருவர் வெட்டும்போது மற்றவர் சுண்ணக்கட்டியால் கோடு போடுகிறார். இரண்டும் இடக்கை என்பதால் முழங்கை ஓயாமல் இடிக்கிறது, திட்டிக்கொள்கிறார்கள். நாளை எனக்கு வேறு வீடு, வேறு நோயாளி.