மச்சான் கழற்றிய டயர்கள்

ரங்கூன் பசுந்தாங் பேட்டையில் எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே நிற்கும் வேன் இல்லாவிட்டால் எனக்குப் பிழைப்பே இல்லை. பக்கத்து லத்தா பேட்டையில் வைத்திருந்த மளிகைக்கடை படுத்து, மஞ்சக் கடுதாசி கொடுத்த பிறகு, கடைகளுக்குச் சரக்கு ஏற்றிப் போய்த்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. அந்த வேனும் அடமானத்தில் இருந்தது. அதன் இன்றைய விலையை ஒரே தவணையில் கட்டினால் மீட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் ஏலம் என்று முடிவாயிற்று. விலை சொல்ல அடகு பிடித்தவர் தரப்பில் ஒரு தரகர் வருவதாக ஏற்பாடு.

எனக்குப் பயமெல்லாம் மச்சான்மேல்தான். மனைவியின் அண்ணன், தெருமுனையில் மெக்கானிக். வருகிறவர்கள் கீழே நின்று கூப்பிடுவதற்காக மாடியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் மணிக்கயிற்றை இழுக்காமலே நேராகப் படியேறி வருகிற உரிமைக்காரர். வேனை அவரிடம்தான் வாங்கினேன். ஓனர் புக்கில் பெயரை மாற்றவில்லை. ரங்கூனில் எத்தனையோ வண்டிகள் பழைய ஓனர் பெயரிலேயே ஓடுகின்றன. வீண் செலவு எதற்கு என்று நானும் கெட்டிக்காரனாக இருந்துவிட்டேன். அடகு வைத்தபோதுகூட அவர்தான் கையெழுத்துப் போட்டார். இப்போது நான் மீட்டாலும் வண்டி சட்டப்படி அவருடையதுதானே? அண்ணனும் தங்கையும் சமையல்கட்டில் குசுகுசுப்பதும், என் தலையைக் கண்டதும் பேச்சு மழைக்குத் தாவுவதும் சந்தேகத்தைக் கூட்டின.

தரகர் வரும் நாள் காலையில் வண்டியைப் பளபளவென்று கழுவி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டக் குனிந்தேன். நாலு டயரும் மொட்டை. கடை நன்றாக நடந்தபோது போட்ட நல்ல டயர்களைக் காணோம். இந்த வேலையை ஓசைப்படாமல் செய்ய மச்சான் ஒருவரால்தான் முடியும்.

தரகர் டயரை உதைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், ஒரு விலையைச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் பட்டறை வாசலுக்கு ஓடினேன்.

"திருட்டுப் பயலே! வண்டிய முழுசா அமுக்கத்தான பாக்குற?"

தெருவே வேடிக்கை பார்த்தது. மச்சான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மனைவிதான் என்னை இழுத்து வந்தாள். "அறிவிருக்கா ஒங்களுக்கு? வெல கொறையட்டும்னுதான் அண்ணே கழட்டுச்சு. முன்னாடியே சொன்னா ஒங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்ல? இப்ப என் வளையல வித்தா சரியா வரும்."

சரியாகத்தான் வந்தது. வேனை மீட்டோம்.

அடுத்த ஞாயிறு மச்சான் டயர்களை உருட்டிக்கொண்டு வந்து தானே மாட்டினார். மன்னிப்புக் கேட்கத்தான் இறங்கிப் போனேன். ஆனால் பாழாய்ப்போன புத்தி, இது என் டயர்தானா என்று குனிந்து பழைய கீறலைத் தேடியது. கீறல் இருந்தது. நிமிர்ந்தால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாத்துக்குங்க, மாப்புள. பேரையும் நாளைக்கே மாத்திருவோம்."

சொன்னபடி மாற்றிக் கொடுத்தார். வேன் இப்போது என் பெயரில்தான் ஓடுகிறது. மச்சானும் தங்கையைப் பார்க்க வருகிறார். வந்தால் கீழேயே நின்று மணிக்கயிற்றை இழுக்கிறார்.